கடலா, ஆறா? செட்டிநாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் பயணம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அறுபது வயதுச் சாந்தி கழித்த தம்பதிகள் பலருக்கு இப்போது ஐரோப்பாவைக் கப்பலில் சுற்றிப் பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் விளம்பரம் அனுப்புகிறார்கள். ஏழு இரவு, நான்கு நாடு, மாடி மாடியாகக் கப்பல், மேலே நீச்சல் குளம். கட்டணமும் நினைத்ததைவிடக் குறைவாகத் தெரிகிறது. அங்கேதான் எல்லோரும் அவசரப்பட்டுவிடுகிறார்கள். எந்தக் கப்பல் என்று பார்ப்பதற்கு முன்னால் யார் யார் போகிறோம் என்று உட்கார்ந்து பேச வேண்டும். கூட்டத்தில் யாருக்கு முழங்கால் வலி அதிகமோ அவரை வைத்துத்தான் பயணத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலை, அறை, ஊர்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

நம்மவர்கள் முன் உள்ள வழிகள் முக்கியமாக மூன்று. மத்தியதரைக் கடலில் பெரிய கப்பல், ரைன் அல்லது டான்யூப் ஆற்றில் சிறிய கப்பல், வடக்கே நார்வேயின் ஃபியோர்டுகள், அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த நீண்ட பள்ளத்தாக்குகள். நான்காவதாகச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலையும் சேர்த்துப் பேசலாம். அது ஐரோப்பா போகாது. ஆனாலும் ஏன் சேர்க்கிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மத்தியதரைக் கடல் கப்பல் என்பது மிதக்கிற ஒரு டவுன். 2022-இல் வந்த எம்எஸ்சி வேர்ல்டு யூரோப்பா கப்பலில் 6,700 பேர் வரை போகலாம். எம்எஸ்சி, கோஸ்டா போன்ற நிறுவனங்களின் வழக்கமான ஏழு இரவுச் சுற்றில் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா, ரோமுக்கான துறைமுகமான சிவிட்டாவெக்கியா, நேப்பிள்ஸ், பலெர்மோ, மால்டாவின் வலெட்டா ஆகியவற்றில் ஐந்தாறு ஊர்கள் வரும். இந்தச் சுற்றில் ஒரு வசதி உண்டு. பல துறைமுகங்களில் எதில் வேண்டுமானாலும் ஏறி, சுற்று முடிந்து அதே இடத்தில் இறங்கலாம். அதனால் சென்னையிலிருந்து எந்த ஊருக்கு விமானம் வசதியோ அந்த ஊரில் ஏறிக்கொள்ளலாம்.

குறையும் இதில்தான் இருக்கிறது. காலை எட்டு மணி வாக்கில் கப்பல் கரை சேரும், மாலை ஐந்து, ஆறுக்குக் கிளம்பிவிடும். விளம்பரத்தில் "ரோம்" என்று இருக்கும். கப்பல் நிற்பதோ ரோமிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி. ரயிலிலோ பஸ்ஸிலோ போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வர அதே அளவு. மீதியில் கொலோசியத்தையும் வாட்டிகனையும் முடிக்க வேண்டும். ஃப்ளோரன்ஸும் இப்படித்தான், கப்பல் நிற்பது லிவோர்னோவில். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் வண்டி வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். தரிசனம் கிடைக்கும், இரணியூர்த் தூணில் இருக்கிற சிற்பத்தை நின்று பார்க்க நேரம் கிடைக்காது. ரோமை ஆசை தீரப் பார்க்க வேண்டும் என்றால் கப்பல் ஏறும் முன்போ இறங்கிய பின்போ அங்கே இரண்டு மூன்று இரவு தங்குங்கள். வாட்டிகன் அருங்காட்சியகம் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். கப்பல் எந்தக் கிழமை அங்கே நிற்கிறது என்று புக் செய்வதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேப்பிள்ஸும் வலெட்டாவும் வேறு மாதிரி. இரண்டிலும் கப்பல் ஊரை ஒட்டியே நிற்கும், இறங்கி நடந்தால் பழைய நகரம். பார்சிலோனாவிலும் துறைமுகம் நகரத்தோடு சேர்ந்ததுதான். சில சுற்றுகளில் லா ஸ்பெட்சியா என்ற துறைமுகம் வரும். உலகப் புகழ்பெற்ற கராரா மார்பிள் குவாரிகள் அதற்குப் பக்கத்தில்தான். வீட்டு முகப்பில் இத்தாலிய மார்பிளும் பெல்ஜியம் கண்ணாடியும் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு, மலையே வெள்ளையாக வெட்டிக் கிடப்பதைப் பார்ப்பது தனி சந்தோஷம். பைசா கோபுரத்தைவிட இதற்கே நான் ஒரு நாள் ஒதுக்குவேன்.

ஆற்றுக் கப்பல் இதற்கு நேர் எதிர். ஆற்றில் கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டு மதகுகளுக்குள் நுழைய வேண்டும், பாலங்களுக்கு அடியில் போக வேண்டும். அதனால் அகலமும் உயரமும் ஒரு அளவுக்கு மேல் இருக்க முடியாது. 135 மீட்டர் நீளம், ஏறக்குறைய 11 மீட்டர் அகலம், 150 முதல் 190 பயணிகள். அவ்வளவுதான். நாடக அரங்கம், குழந்தைகள் சறுக்கு மரம் எதுவும் கிடையாது. ஆனால் ஊரின் நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்துவார்கள். கொலோனில் இறங்கி நடந்தால் கதீட்ரல். டான்யூபில் புடாபெஸ்டுக்குள் இரவில் நுழையும்போது நாடாளுமன்றக் கட்டடம் முழு வெளிச்சத்தில் அறை ஜன்னலுக்கு எதிரே வரும். பகலில் பயணம் போகும்போதும் இரு கரையிலும் ஏதாவது பார்த்துக்கொண்டே இருக்கலாம். ரைனில் கோட்டைகள் வரிசையாக நிற்கும் பள்ளத்தாக்கும், டான்யூபில் மெல்க் மடாலயம் இருக்கும் வாஹாவ் பள்ளத்தாக்கும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. கடல் கப்பலில் பெரும்பாலும் இரவில் பயணம், ஜன்னலில் கறுப்புதான் தெரியும்.

ரைனில் வழக்கமான பயணம் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி ஸ்விட்சர்லாந்தின் பாசலில் முடியும். டான்யூபில் ஜெர்மனியின் பாசௌவில் ஏறி வியன்னா, பிராட்டிஸ்லாவா வழியாகப் புடாபெஸ்ட். கட்டணம் கடல் கப்பலைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும். அதைப் பார்த்துத்தான் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் அதில் பெரும்பாலும் தினமும் ஒரு ஊர் சுற்றல், வழிகாட்டி, வைஃபை, சாப்பாட்டோடு வரும் பானங்கள் எல்லாம் அடக்கம். கடல் கப்பலில் இவை ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

சரி, முழங்காலுக்கு வருவோம். ஆட்டம் இல்லை, கூட்டம் இல்லை, ஆறு அமைதியானது, ஆகவே வயதானவர்களுக்கு ஆற்றுக் கப்பல்தான் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. வாந்தி, தலைசுற்றல் பயம் உள்ளவர்களுக்கு ஆறு நல்லதுதான். ஆனால் பல ஆற்றுக் கப்பல்களில் லிஃப்ட் மேல்தளம் வரை போகாது. சில துறைகளில் இரண்டு மூன்று கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். அப்போது பக்கத்துக் கப்பலுக்குள் படி ஏறி இறங்கித்தான் கரைக்குப் போக வேண்டும். இறங்கினால் பழைய ஊர்களின் கல் பாவிய தெரு. கப்பலில் பெரும்பாலும் டாக்டர் இருக்க மாட்டார், கரையிலிருந்து வரவழைக்க வேண்டும். பெரிய கடல் கப்பலில் ஒவ்வொரு மாடிக்கும் லிஃப்ட், சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை, டாக்டர், நர்ஸோடு மருத்துவ அறை எல்லாம் உண்டு. மருத்துவக் கட்டணம் கூடுதல்தான், ஆனாலும் நடுராத்திரியில் பார்க்க ஆள் இருக்கிறது. இதய நோய், சக்கர நாற்காலி என்று ஏதாவது இருந்தால் கடல் கப்பலையே தேர்ந்தெடுங்கள். நடக்கத் தெம்பு உண்டு, கூட்டமும் சத்தமும்தான் பிடிக்காது என்றால் டான்யூப்.

பேரப்பிள்ளைகளோடு மூன்று தலைமுறையாகப் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், பெரிய கப்பல்தான். ஐயாவும் அப்பத்தாவும் பால்கனியில் உட்கார்ந்திருக்கலாம், பிள்ளைகள் குளத்தில் கிடக்கலாம், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசைக்கு வரலாம். பெற்றோர் அறையிலேயே படுக்கிற பிள்ளைகளுக்குக் கட்டணமும் குறையும். ஆற்றுக் கப்பலில் பிள்ளைகளுக்குப் பொழுது போகாது. வைகிங் நிறுவனத்தின் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை ஏற்றுவதே இல்லை.

கிரேக்கத் தீவுகள் படத்தில் மனதை அள்ளும். ஆனால் சாண்டோரினியில் பெரிய கப்பல் கரையில் நிற்காது. சிறு படகில் இறங்கி, பழைய துறையிலிருந்து ரோப் காரிலோ 500-க்கும் மேற்பட்ட படிகளிலோ மேலே ஏற வேண்டும். ஒரே நாளில் நான்கைந்து கப்பல் வந்துவிட்டால் ரோப் கார் வரிசை நீண்டுகொண்டே போகும். அப்புறம், இந்தச் சுற்றுகளில் துருக்கியின் குஷாதாசியும் வரும். துருக்கி ஷெங்கன் நாடு கிடையாது, அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் அது இல்லை.

இந்த விசா விஷயத்தை விலைக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். ஷெங்கன் எல்லைக்குள்ளேயே சுற்றும் கப்பலுக்கு ஒரு முறை நுழைவு விசா போதும். நடுவில் துருக்கி, துனிசியா, மான்டினீக்ரோ, அல்பேனியா என்று வெளியே போய்த் திரும்பினால் பல முறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும், அந்தந்த நாட்டின் அனுமதி விதியையும் பார்க்க வேண்டும். டான்யூபில் புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேடு வரை போனாலும் இதே கதை, செர்பியா ஷெங்கனில் இல்லை. நார்வேக்கு சவுத்தாம்ப்டனிலிருந்து கிளம்பும் கப்பல் மலிவாகத் தெரியும். அதற்கு பிரிட்டன் விசா தனி. கோபன்ஹேகன், கீல், ஹாம்பர்க் என்று ஷெங்கனுக்குள்ளேயே ஏறும் கப்பலைப் பார்த்தால் ஒரு விசாவோடு வேலை முடிந்தது.

அதிக நாள் இருக்கப்போகிற நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும், நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. கப்பலுக்கு முன்னால் ரோமில் மூன்று இரவு தங்கினால் இத்தாலி என்று தெளிவாகிவிடும், இதுவும் தங்குவதற்கு ஒரு காரணம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விசா விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை வைக்க நேரில் போக வேண்டும், நமக்கு அது சென்னைதான். காலையில் பல்லவன் ஏறினால் மதியம் எழும்பூர், மறுநாள் அப்பாயின்ட்மென்ட் வைத்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பங்குனி வரை காத்திருந்தால் தேதி கிடைப்பது சிரமம்.

நார்வேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் கப்பல்களில், கப்பலை விட்டு இறங்காமலே பார்க்கக்கூடிய பயணம் இது ஒன்றுதான். கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள் கப்பல் நுழைந்தால் இரு புறமும் செங்குத்து மலை, அருவிகள். முழங்கால் வலிக்காரர்கள் பால்கனி அறை எடுத்து உட்கார்ந்தே பார்க்கலாம். ஆனால் ஜூலையிலும் குளிரும், மழை பெய்யும், கரையில் ஒரு காபிக்குக் கொடுக்கிற காசு மனதை உறுத்தும். கோயில், கோட்டை, கடைத்தெரு என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது ஒத்துவராது. இயற்கையை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவர்களுக்கு இதைவிட நல்ல பயணம் இல்லை.

இனி சிங்கப்பூர். நம் ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன வழி இது. நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனார்கள். 1926-இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை அந்தத் தடத்தில் ஓடியது. இன்று திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பினாங்கு, புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் மூன்று நான்கு இரவுக் கப்பலில் ஏறலாம். சைவச் சாப்பாடு தாராளம், இந்தியப் பயணிகளும் நிறைய. கப்பல் பயணம் நமக்கு ஒத்துக்கொள்ளுமா, கடல் ஆட்டத்தில் தூக்கம் வருமா என்று தெரியாதவர்கள் முதலில் இதில் போய்ப் பார்ப்பது நல்லது. ஐரோப்பாவுக்குச் செலவழிக்கும் முன் சிறு செலவில் பதில் கிடைத்துவிடும். பினாங்கில் தண்டாயுதபாணி கோயிலுக்கும் போய்விட்டு வரலாம்.

விலையை எப்படி ஒப்பிடுவது? விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் ஜன்னல் இல்லாத உள் அறையில் இரண்டு பேர் படுத்தால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். அதோடு துறைமுக வரி, ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து யூரோ வாக்கில் சேவைக் கட்டணம், குடிக்கிற பாட்டில் தண்ணீர் உட்படப் பானங்கள், வைஃபை, ஒவ்வொரு ஊரிலும் சுற்றிப் பார்க்கும் செலவு, விமானம், முன்பின் ஹோட்டல், விசா, காப்பீடு எல்லாம் சேரும். ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். மலிவுக் கடல் கப்பலும் விலை உயர்ந்த ஆற்றுக் கப்பலும் முதலில் தெரிந்த அளவுக்கு விலகி நிற்காது. தனியாகப் போகிறவர்கள் இரண்டு பேர் கட்டணத்துக்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அறையில் மிச்சம் பிடிப்பது அவரவர் விருப்பம். மத்தியதரைக் கடலில் நாள் முழுக்க வெளியே சுற்றப் போகிறீர்கள், உள் அறை போதும் என்பேன். நார்வேக்கு மட்டும் பால்கனி இல்லாமல் போகாதீர்கள். கடல் ஆட்டத்துக்குப் பயந்தால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப் பகுதியில் அறை கேளுங்கள். ஆற்றுக் கப்பலில் கீழ்த் தள அறை மலிவு, ஆனால் ஜன்னல் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, திறக்க முடியாத சிறு கண்ணாடியாக இருக்கும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். பெரிய கப்பலின் பஃபேயில் சோறு, பருப்பு, காய், பழம் ஏதாவது எப்போதும் கிடைக்கும். சுத்த சைவம், பூண்டு வெங்காயம் இல்லாமல் என்றால் புக் செய்யும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். ஆற்றுக் கப்பலில் ஒரே சமையலறை, ஆகவே இன்னும் முன்கூட்டியே. இரவுச் சாப்பாடு இரண்டு பந்தியாக நடக்கும் கப்பலில் முதல் பந்தியைக் கேளுங்கள், இரண்டாவது ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும். முறுக்கு, சீப்புச் சீடை, பருப்புப் பொடி எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியாட்கள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை. எலக்ட்ரிக் கெட்டிலையும் குட்டி ரைஸ் குக்கரையும் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போதுதான் திருப்பித் தருவார்கள்.

எந்த மாதம் போவது என்பதில் நமக்குத் தனிச் சிக்கல். வைகாசியில் கல்யாணங்கள், ஆடியில்தான் வீட்டு விசேஷம் இல்லை என்று ஆடியில் போக நினைக்கிறோம். ஆடி என்றால் ஜூலை, ஆகஸ்ட். ஐரோப்பா முழுக்க விடுமுறை, கட்டணம் உச்சம், ரோமிலும் பார்சிலோனாவிலும் வெயில் நம் ஊர் மாதிரியே. புரட்டாசிதான் மத்தியதரைக் கடலுக்கு அருமையான மாதம் என்று நான் நினைக்கிறேன். கடல் இன்னும் அமைதியாக இருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். ஆறுகளுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். கோடை முடிவில் தண்ணீர் குறையும். 2018-லும் 2022-லும் ரைன் மட்டம் இறங்கிப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. அப்படி நடந்தால் பாதி வழி பஸ்ஸில் கூட்டிப் போவார்கள். ஆற்றுக்குச் சித்திரைக் கடைசியும் வைகாசியும் நல்லது. ரைன் என்றால் மே முதல் வாரத்துக்குள் போனால் ஆம்ஸ்டர்டாம் பக்கத்தில் கியூக்கன்ஹோஃப் துலிப் தோட்டத்தையும் பிடிக்கலாம். டான்யூபில் பாசௌவுக்கு மேலே ஸ்ட்ராபிங் பக்கம்தான் ஆழம் மிகக் குறைவு, பாசௌவில் ஏறினால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

யாரிடம் புக் செய்வது? கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நேராகப் போட்டால் அறை எண்ணைப் பார்த்து எடுக்கலாம், மாற்ற வேண்டுமானால் நாமே மாற்றலாம். ஆனால் விமானம் தாமதமாகி ஏதாவது சிக்கல் வந்தால் பேச ஆள் இல்லை. கார்டில் வெளிநாட்டு நாணயக் கட்டணம் என்று 2 முதல் 3.5 சதவீதம் வரை போகும். குழுப் பயண நிறுவனங்களில் கூட வருகிற மேலாளர், இந்தியச் சாப்பாடு, விசா உதவி எல்லாம் உண்டு. அதற்கு விலை உண்டு, காலை ஐந்தரைக்கு எழுப்புவதும் உண்டு. ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் கூட வந்தால் நேரடி புக்கிங், தம்பதி மட்டும் என்றால் கப்பல் பயணம் தெரிந்த ஏஜெண்ட். மதுரை, திருச்சி, சென்னை எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அவரே ஒரு முறையாவது கப்பலில் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். இந்திய ஏஜெண்ட் மூலம் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு எடுத்தால் ஜிஎஸ்டியோடு, விற்பவரே முன்கூட்டி வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், பான் எண் சரியாக ஏறியிருக்க வேண்டும்.

பணம் கட்டும் வரிசை முக்கியம். முன்பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணத்தில் அறையைப் பிடியுங்கள், அந்த உறுதிக் கடிதத்தை வைத்து விசாவுக்கு விண்ணப்பியுங்கள். முழுப் பணமும் பொதுவாகக் கப்பல் கிளம்ப இரண்டு மூன்று மாதம் முன்பு கட்ட வேண்டிவரும். அந்தத் தேதிக்குள் விசா கையில் வருகிற மாதிரி பின்னாலிருந்து எண்ணி, அப்பாயின்ட்மென்ட் தேதியைப் போடுங்கள். அதற்குப் பிறகு விசா கிடைக்கவில்லை என்பதற்காகப் பொதுவாக எந்தக் கப்பலும் பணத்தை முழுசாகத் திருப்பித் தராது. விமான டிக்கெட்டைக் கப்பல் நாளுக்கு முதல் நாளே போய்ச் சேருகிற மாதிரி எடுங்கள். எல்லையில் இப்போது கைரேகையும் புகைப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். கப்பல் ஒருவருக்காகவும் நிற்காது.

கடைசியாக, பெயர். நம்மில் பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், இன்ஷியல் விரியாமல் இருக்கும். கப்பல், விமானத் தளங்கள் இரண்டு பெயரும் இல்லாமல் மேலே போக விடாது. ஆச்சி பெயரை ஒரு இடத்தில் ஒரு மாதிரியும் இன்னொரு இடத்தில் வேறு மாதிரியும் போட்டால் செக்-இன்னில் நிறுத்திவிடுவார்கள். முதல் டிக்கெட் எடுப்பதற்கு முன்னாலேயே விமான நிறுவனத்திடமும் கப்பல் நிறுவனத்திடமும் எப்படி எழுதுவது என்று மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் எடுத்ததாகவும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறம் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் வேலை அதைப் புதுப்பிப்பது.